பத்து நிமிடமாகச் சுற்றிய வட்டம்

பிரகதீஸ்வரி தான் சேர்ந்திருந்த ஒரு ரத்ததானக் குழுவுக்கு இணையதளம் செய்து கொடுத்திருந்தாள். முகப்பில் குழுவினர் எல்லோரும் சிரிக்கும் பெரிய படமும், கீழே ஒரு வீடியோவும், அதற்கும் கீழே ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலும் இருந்தன. திருச்சியில் அவளுடைய அலுவலகத்தில் அது கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது.

ஒருநாள் வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து செவிலியர் செல்வராணி அவளைப் போனில் அழைத்தார்.

"பிரசவத்துக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேணுங்க. பத்து நிமிஷமா வட்டம்தான் சுத்துது. நம்பர் வரவே மாட்டேங்குது."

பிரகதீஸ்வரி தன் கணினியில் பார்த்து எண்ணைப் படித்துச் சொன்னாள். ரத்தம் கிடைத்தது, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனாலும் அவளுக்கு மனம் ஆறவில்லை. தான் அப்போது போனை எடுக்காமல் இருந்திருந்தால்?

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அந்த ஊருக்கே போனாள். செல்வராணியின் பழைய போனில் தளத்தைத் திறந்தாள். நான்கு நிமிடம் கழித்து முதலில் வந்தது, படத்தில் நடுவில் நின்ற அவளுடைய முகம்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து தன் மடிக்கணினியில் படத்தையும் வீடியோவையும் முகப்பிலிருந்து நீக்கினாள். பெயர், ரத்த வகை, ஊர், போன் நம்பர் மட்டும் மிஞ்சின. இப்போது மூன்று விநாடியில் பக்கம் திறந்தது.

குழுத் தலைவர் ரகுநாத் போனில் வருத்தப்பட்டார். "என்னம்மா, இப்புடி மொட்டையா இருக்கு? நம்ம படமாச்சும் இருக்கட்டுமே."

"படத்துக்குன்னு தனியா ஒரு லிங்க் கடைசியில வச்சிருக்கேங்க. நேரமிருக்கவங்க பாக்கட்டும்."

பக்கத்தில் செல்வராணி பட்டியலை விரலால் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"அட, லேசுல கிடைக்காத ஏ நெகட்டிவ் நம்ம ஊர்லயே ஒருத்தர் இருக்காரே! இத்தனை நாளா தெரியாமப் போச்சே."