மலைப்படி வேண்டுதல்

நாற்பத்திரண்டாம் வருஷம் என் மகள் காஞ்சனாவுக்கு விஷ ஜுரம் வந்தது. பிழைத்து எழுந்தால், திருத்தணி மலைப்படி முழுவதும் நானே அவளைத் தோளில் சுமந்து, எங்கேயும் இறக்காமல் சன்னதியில் கொண்டுவந்து விடுகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். பிழைத்தாள். கிருத்திகையன்று கிளம்பினோம். மனைவி தாயாரம்மாளுக்கு ஏழு மாதம் என்பதால் வீட்டிலேயே இருந்தாள்.

நான் தறிக்காரன் பிள்ளை. தெருவில் தறிக்குப் பாவு நூல் விரித்து, விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை மேலும் கீழும் நடந்த கால் இது. ஜவுளிக்கடை வைத்ததும் மெத்தையில் உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவே இல்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடைக்கு ஜட்கா வண்டி. நடந்து போனால் கடை நொடித்துவிட்டது என்று ஊர் பேசுமாம். குளிக்கத் தண்ணீர் மொண்டு ஊற்றக்கூட ஓர் ஆள். பெரிய மனுஷனாம், மண்ணாங்கட்டி.

எழுபதாவது படியில் மூச்சு முட்டியது. ஜுரத்தில் உருகிப்போன ஐந்து வயதுப் பிள்ளை. கனம் என்று சொன்னால் என் வாய் வெந்துபோகும். கண் இருட்டியது. தோளிலிருந்து அவள் சரிந்தாள்.

பின்னால் ஏறி வந்த வீரபத்திரன் சட்டென்று தாங்கிப் பிடித்தார். என் கடைக்கு நெய்து கொடுப்பவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். துணி மூட்டையைத் தலையில் சுமந்து பன்னிரண்டு மைல் நடந்து வந்து, அதைக் கடையில் போட்டுவிட்டுச் சாமி பார்க்க வந்திருந்தார்.

"குடுங்க மொதலாளி, நான் தூக்கினு போறேன். நீங்க மெதுவா வாங்க."

"எங்கியும் எறக்காம நானே தூக்கினு வர்றதா வேண்டுதல்பா."

"இருக்கட்டுங்க. உங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல."

மறுத்திருக்க வேண்டும். படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று இருந்தது. அதைச் சொல்லத்தான் இன்னும் கூசுகிறது.

நான் உச்சிக்குப் போய்ச் சேர அரை மணிக்கு மேல் ஆயிற்று. வீரபத்திரன் சன்னதி வாசலில், பிள்ளை தோளில் இருக்க, நின்றபடியே இருந்தார். சட்டையில்லாத மார்பில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"எறக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே, எறக்கவே இல்லீங்க. இங்கேர்ந்து நீங்க தூக்கினு போங்க."

கடைசிப் பத்தடியை நான் சுமந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தாயாரம்மாள் கேட்டாள். "நீங்களேதான தூக்கினு போனீங்க? நடுவுல எறக்கலியே?"

"ஆங்" என்றேன். நாக்கு எப்படிப் புரண்டதோ தெரியாது. காஞ்சனா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்படியாடி கண்ணு?"

பிள்ளை என்னிடமிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டது. பிறகு, "ஆமாம்மா, நைனாதான்" என்றது.

தாயாரம்மாளின் கண் கலங்கியது. நிறைவயிற்றோடு கீழே உட்கார்ந்து, என் காலை மடியில் எடுத்து வைத்து அமுக்கத் தொடங்கினாள். வேண்டாம் என்று நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. காஞ்சனா வந்து எதிரில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் இன்னொரு காலைப் பிடித்து அமுக்கினாள்.