முன்பக்கத்து இடது டயர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லொறியின் முன் டயர் ஒன்று பசறை ரோட்டில் வெடித்தது. மாற்று வாங்க கிளாக்கர் ஐயா பதுளைக்கு வந்தார். வந்தது நான் பில் எழுதும் கடைக்கே. புவியியலில் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு டயர்க் கடையில் பில் எழுதுகிறேன். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து கெம்பஸ் போன முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லியே எல்லாரும் என்னிடமிருந்து ஓர் எட்டுத் தள்ளி நிற்கிறார்கள்.

லொறியில் இருக்கும் மாதிரி நைலோன் டயர் அந்த அளவில் கைவசம் இல்லை, ரேடியல்தான் இருக்கிறது என்றார் கடை முதலாளி இப்றாஹீம் நானா.

"போடுறதுன்டா முன்னுக்கு ரெண்டையும் மாத்துங்க சேர். ஒரு பக்கம் நைலோன், ஒரு பக்கம் ரேடியல் போட ஏலா."

"வெடிச்சது ஒன்னு. வாங்குறதும் ஒன்னு" என்றார் கிளாக்கர்.

நானா ஒரு ரேடியலை உருட்டிக்கொண்டு வந்தார். வியாபாரம்.

இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். நைலோன் டயருக்குள் நூல் அடுக்குகள் சாய்வாக, ஒன்றுக்கொன்று குறுக்கே போகும். பக்கமும் அடியும் ஒரே கட்டு. ஒன்று வளைந்தால் மற்றதும் வளையும். விறைப்பானது, சீக்கிரம் சூடேறும், ஆனால் கல்லுக்கும் குழிக்கும் ஈடுகொடுக்கும். ரேடியலில் நூல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும். அதன்மேல், தரையில் படும் பகுதிக்குக் கீழே, கம்பிப் பட்டி சுற்றியிருக்கும். பக்கம் வளைந்து கொடுக்கும், அடி தட்டையாக ரோட்டைப் பிடிக்கும். வளைவில் இரண்டும் இரண்டு விதமாகத் திரும்பும். ஒரே அச்சில் பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டால், மழையில் பிரேக் பிடிக்கும்போது லொறி எதன் சொல்லைக் கேட்கும்?

அந்த லொறியில்தான் அம்மா மேல்மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறாள்.

மறுநாள் காலை நான் கடைக்குக் கிளம்பியபோது, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் லொறி நின்றது. டிரைவர் ரமேஸண்ணன் காற்றடிக்கும் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"புது டயர் வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது புள்ள. காத்து பத்தல. கல்லு மாதிரி அடிச்சிட்டேன்."

"அது ரேடியல்ணே. சரியான காத்துலயும் அப்படித்தான் நிக்கும். கூட அடிச்சா நடு மட்டுந்தான் ரோட்டுல படும். மழையில வழுக்கும்."

"லைசன் ஒனக்கா எனக்கா?"

கூடை மாட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். "ஒரு பக்கமா கொஞ்சம் இழுக்குது. நான் புடிச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

அம்மாவிடம் ஏறாதே என்றேன்.

"ஏறலன்னா எனக்கு யாரு பேர் போடுவா? ஒன் கெம்பஸா?"

பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். அது எனக்கும் தெரியும். ஆனால் மழை பிடித்துவிட்டது. என் பையில் கடைச் சாவிகளோடு வால்வு கழற்றும் சாவியும் இருந்தது. லொறிக்கு அந்தப் பக்கம் போய்க் குந்தினேன். புது டயரின் வால்வு பின்னைக் கழற்றித் தேயிலைச் செடிக்குள் எறிந்தேன். காற்று சீறிக்கொண்டு போக, லொறி இடப்பக்கம் சாய்ந்தது. ஸ்பெயார் டயர் ஒன்று இருந்திருந்தால் கிளாக்கர் பதுளைக்கே வந்திருக்க மாட்டார்.

லொறி போகவில்லை. வேலை நிற்கவுமில்லை. மழையில் எல்லாரும் மேல்மலைக்கு நடந்தார்கள். நேரம் பிந்தியதால் கங்காணி எல்லாருக்கும் அரைப் பேர்தான் போட்டான்.

யார் செய்தது என்று யாரும் கேட்கவேயில்லை. சாயந்திரம் பொதுப் பீலியில் தண்ணீர் பிடிக்க அம்மாவின் குடத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

"படிச்ச திமிருல எங்க பேர அரையாக்கிட்டா ஒம் மக" என்றாள் பக்கத்துக் காம்பரா வீட்டுச் சித்தி. "தாயும் மகளும் ஒங்க டயர நீங்களே கட்டி அழுங்க."

அம்மா வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

அடுத்த நாளும் மழை. ரமேஸண்ணன் புது வால்வு போட்டு, முன்னைவிட இறுக்கமாகக் காற்றடித்திருந்தார். இனி நான் கிட்டப் போக முடியாதபடி கங்காணி டயருக்குப் பக்கத்திலேயே நின்றான். பெண்கள் பின்னால் ஏறினார்கள். அம்மா ஏறக் கை நீட்டியபோது, இருந்த இடத்திலெல்லாம் கூடைகளைப் பரப்பினார்கள்.

"எடமில்ல."

அம்மா மழையில் நின்றாள். ரமேஸண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. இடப்பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"வாங்கத்தே. முன்னுக்கு உக்காருங்க."

அந்த ஆசனத்துக்கு நேர் கீழேதான் அந்த டயர். அவர் இரக்கத்தில்தான் சொன்னார், அதனால் அவரைத் திட்டவும் முடியவில்லை.

"அம்மா, எறங்கு. நான் ஒனக்குச் சோறு போடுறேன்."

"மொதல்ல இவங்க மொகத்துல நான் முழிக்கணும்" என்றாள். கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள்.

லொறி முதல் வளைவுக்கு வந்தபோது ரமேஸண்ணன் ஸ்டேரிங்கை மாரோடு அணைத்துத் திருப்புவது தெரிந்தது. அம்மா ஒரு கையால் கதவுக் கம்பியைப் பிடித்திருந்தாள்.