இறக்கைப் பொடி

மூன்றாவது முறையும் பிரவீனா அந்தப் பிளாஸ்டிக் குழாயை வாயில் வைத்து ஊதினாள். அதிலிருந்த சிவப்பு முள் பாதி தூரம்கூட ஏறாமல் முன்பு நின்ற இடத்திலேயே நின்றது. நர்ஸ் எண்ணை எழுதிக்கொண்டு டாக்டரின் அறைக்குள் போனாள். பக்கத்து நாற்காலியில் பிரவீனாவின் கணவன் ராசப்பன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாக்பூரில் லோடு இறக்கிவிட்டு முந்தின நாள்தான் சங்ககிரிக்கு லாரியைக் கொண்டுவந்திருந்தான். இருபது நாள் கழித்து வீட்டுக்கு வந்தவன், அவள் தண்ணீர்க் குடத்தோடு நாலு படியை நின்று நின்று ஏறுவதைப் பார்த்தான். காலையில் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் நெஞ்சு டாக்டருக்கு டோக்கன் போட்டுவிட்டான்.

உள்ளே கூப்பிட்டதும் டாக்டர் அவள் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வெகுநேரம் நகர்த்தினார். "வீட்ல புறா வளக்கறீங்களா?"

"இல்லீங்க."

"கோழிப்பண்ணை? பஞ்சு மில்லு?"

"இல்லீங்க. பதினோரு வருசமா அந்துப்பூச்சி வளக்கறேனுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அதை எதுக்கும்மா வளக்கணும்?"

பதினோரு வருடத்தில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. சொந்தக்காரர்களுக்கு அது பூச்சிக் கம்பெனி, அவ்வளவுதான். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கம்பு நொய்யில முட்டையப் போட்டு வெப்போமுங்க. புழு வந்து தின்னு, கூடு கட்டி, நாப்பது நாள்ல அந்துப்பூச்சியா வெளிய வரும். அதுக்கப்பறம் அதுக்குப் பசியே கெடையாதுங்க. புழுவா இருக்கறப்பத் தின்னதை வெச்சே ஒரு வாரம் பொழச்சு, முட்டையப் போட்டுட்டுச் செத்துப்போயிரும். அந்த முட்டையச் சலிச்சு, அட்டைல ஒட்டி, ஊதா வெளக்குல காட்டுவோமுங்க. உள்ள இருக்கற உசுரு போயிரும். அப்பறம் அதுமேல குளவிய உடுவோம். கொட்டற குளவி இல்லீங்க, கடுகுல கால்வாசிதான் இருக்கும். அது அந்த முட்டைக்குள்ள தன்ற முட்டைய வெக்கும். நாலு நாள்ல அட்டையே கறுத்துரும். அதைக் கரும்புக் காட்டுல கட்டி உட்டா, குளவி வெளிய வந்து, கரும்பைத் தொளைக்கற புழுவோட முட்டையத் தேடிப் போயிருமுங்க. காட்டுக்காரங்க மருந்தே அடிக்க வேண்டியதில்லை."

மூச்சு வாங்க நிறுத்தினாள். ராசப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இதெல்லாம் அவனுக்கும் தெரியாது.

"இறக்கையத் தொட்டா கைல பொடி ஒட்டுதில்ல," என்றார் டாக்டர். "அது பொடி இல்லம்மா. செதில். ஓடு வேய்ஞ்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கியிருக்கும். பதினோரு வருஷமா அதைத்தான் மூச்சா இழுத்திருக்கீங்க."

"மூக்குல துணி கட்டிக்குவனுங்க."

டாக்டர் சீட்டை எடுத்து மருந்து எழுதினார். இனிமேல் அந்த அறைக்குள் போகவே கூடாது என்று அவளிடம் ஒருமுறையும் ராசப்பனிடம் ஒருமுறையும் சொன்னார்.

மல்லசமுத்திரம் தாண்டி, மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட கட்டடம்தான் அந்தப் பூச்சிக் கம்பெனி. மறுநாள் காலை பிரவீனா போனபோது அந்து அறையில் இருநூறு தட்டுகளும் துணி மூடிக் காத்திருந்தன. துணியை விலக்கினால் அந்துகள் சாம்பல் நிறத்தில் அப்பியிருக்கும். குழாயை வைத்து ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். மதியத்துக்குள் இமையில், காது மடலில், தலை எண்ணெயில், புடவைக் கரையில் எல்லாம் அந்தச் சாம்பல் ஏறிவிடும். குளித்தாலும் முழுதாகப் போகாது. முட்டையைத் தூசியிலிருந்து பிரித்துச் சலிப்பதில் அவள் கைக்கு நிகரில்லை என்று முதலாளி சிவபிரகாஷே வருகிறவர்களிடம் சொல்வார். கேட்கும்போது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இன்று அந்தக் கதவைத் தாண்டி நேராக முதலாளியின் மேசைக்குப் போய்ச் சீட்டை நீட்டினாள்.

சிவபிரகாஷ் மருந்துச் சீட்டைப் படித்துவிட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா பிரவீனா? சரி உடு. நாளைலருந்து அட்டை வெட்டற ரூமுக்குப் போயிரு. பாவாயிக்காவ வேலைய உட்டு நிறுத்திக்கலாம். அங்க ரெண்டு பேருக்கு வேலை இல்லை."

தூசி இல்லாத அட்டை அறை என்றதும் அவள் நெஞ்சு ஒரு கணம் லேசாகிவிட்டது. பாவாயியின் பெயர் அதற்குப் பிறகுதான் காதில் ஏறியது. முதலில் லேசானதை நினைத்து அவளுக்குக் கூசியது. அவளுக்கு முன்பிருந்தே அந்து அறையில் கிடந்தவள் பாவாயி. புருசன் இல்லை, தனிக்கட்டை. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே இருமல் வந்து சுருண்டபோது, அவளை அட்டை அறைக்கு மாற்றச் சொல்லி இதே மேசைக்கு முன்னால் நின்று கெஞ்சியது பிரவீனாதான்.

முதலாளி மேசைக்கும் அட்டை அறைக்கும் நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்புதான்; பேசியதெல்லாம் அந்தப் பக்கம் கேட்டிருக்கும். பிரவீனா அட்டை அறைக்குள் போனபோது பாவாயி தலையைத் தூக்கவில்லை. கறுத்த அட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"அந்த ரூமுக்குப் போகக் கூடாதுன்னாருக்கா."

"எனக்கும் அதைத்தான் சொன்னாங்க." இரண்டு துண்டு வெட்டினாள். "நீ சொல்லித்தான் இந்தப் பெஞ்சு கெடச்சுது. இப்ப நீயே எழுப்பி உடறதுக்கு வந்துட்டே."

"எழுப்பறதுக்கு வரலக்கா," என்றாள் பிரவீனா. குரல் பாதியில் உடைந்து இருமலானது. தடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. "எனக்கு நிக்க முடியல. அதான் வந்தேன்."

பாவாயி அப்போதுதான் அவளைப் பார்த்தாள். அந்த இருமலின் நீளம் அவளுக்குத் தெரியும். எந்த இடத்தில் கண் இருட்டும், எந்த இடத்தில் விலா பிடிக்கும் என்பதும் தெரியும். பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள். அட்டைக் கட்டில் பாதியைப் பிரித்துப் பக்கத்தில் தள்ளினாள்.

"உக்காரு சாமி. அவரு வந்து கேக்கட்டும், பாத்துக்கலாம்."

பிரவீனா உட்கார்ந்தாள். இருவர் உட்காரப் போதாத பெஞ்சு. தோளும் தோளும் இடித்தன. கத்தரிக்கோல் ஒன்றுதான் இருந்தது. பாவாயி ஒரு துண்டு வெட்டிவிட்டு அதை நடுவில் வைத்தாள். பிரவீனா எடுத்து ஒரு துண்டு வெட்டிவிட்டு அங்கேயே வைத்தாள். வாசலை மறைத்துக்கொண்டு சிவபிரகாஷின் நிழல் மேசைமேல் விழுந்தது. இருவரும் நிமிரவில்லை. கத்தரிக்கோல் கை மாறிக்கொண்டே இருந்தது.