இருபத்தேழு வீட்டு ஓதம்

அந்த வருட வசந்தத்தில், பத்தொன்பது நாட்களுக்குள், ஊரின் இருபத்தேழு வீட்டுச் சுவர்களில் ஊறியிருந்த ஈரம், அதாவது ஓதம், அந்தந்தச் சுவரை விட்டு இறங்கி, தெருவைக் கடந்து, பெயிண்டரின் வீட்டுக்கு வந்து குடியேறியது. மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தண்ணீர்க் குழாய் எதுவும் உடையவில்லை; நகராட்சியிலிருந்து ஆள் வந்து பார்த்து, உடையவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார். முதலில் வந்தது பல் டாக்டர் வீட்டு ஓதம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி வாக்கில் அது வாசற்படியில் ஈரக்கோடாகத் தெரிந்து, கூடத்தைத் தாண்டி, கிழக்குச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஏறி நின்றது. பார்த்ததுமே பெயிண்டருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இடது பக்கம் கவிழ்த்து வைத்த குடை போல ஒரு வளைவு, நடுவில் உப்புப் பூத்த திட்டு. பதினாறு வருடத்துக்கு முன் அவரே சுரண்டி, அவரே பட்டி பார்த்து, அவரே இரண்டு கோட்டு வண்ணம் அடித்து மூடிய ஓதம் அது. தன் கைவேலை தனக்குத் தெரியாதா என்ன.

அவருடைய தொழிலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அந்த ஊரில் வீடுகள் கைமாறுவது வசந்தத்தில்தான். குளிர் போய் வெயில் முற்றுவதற்குள் கிடைக்கிற ஆறு வாரம். மரமெல்லாம் துளிர்விட்டிருக்கும், ஜன்னலைத் திறந்தால் நல்ல காற்று வரும், வீடு பார்க்க வருகிறவர்களுக்கும் மனது இளகியிருக்கும். முக்கியமாக, சுவர்கள் காய்ந்திருக்கும். காயாத சுவர் எதுவோ அதைப் பார்க்க வீட்டு புரோக்கர் பெயிண்டரைக் கூட்டிவருவார். பெயிண்டர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போவார். காய்ந்த சுவர் கணீரென்று பதில் சொல்லும். ஓதம் ஏறிய சுவர் மொத்தென்று வாயை மூடிக்கொள்ளும். அந்த இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்து, புள்ளிகளுக்குள் அடங்கியதைச் சுரண்டி, நாலு நாள் மின்விசிறி ஓடவிட்டு, பட்டி பார்த்து, வண்ணம் அடித்துக் கொடுத்தால் அடுத்த மழைவரைக்கும் தாங்கும். அடுத்த மழைக்குள் பத்திரம் பதிவாகி, வாங்கியவர் சாமான் இறக்கி, விற்றவர் வேறு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். இதைப் பொய் என்று யாரும் சொன்னதில்லை. 'வசந்த வேலை' என்று சொன்னார்கள். முப்பது வருடம் வசந்த வேலை பார்த்துத்தான் பெயிண்டர் தனக்கென்று ஒரு வீடு கட்டினார். அந்த வீட்டில் மட்டும் ஓதம் ஏறவே கூடாது என்று அஸ்திவாரத்துக்கு மேல் தார் பூசி, கொத்தனார் எரிச்சல்படும் அளவுக்குப் பக்கத்திலேயே நின்று கட்டினார்.

அந்த வீட்டைத்தான் இப்போது அவசரமாக விற்க வேண்டியிருந்தது. அவர் மனைவிக்கு இழுப்பு வந்திருந்தது. குளிர்காலம் முழுக்க அவள் நெஞ்சுக்குள் துருப்பிடித்த கதவு ஒன்று திறந்து மூடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. உயரமான, காற்றோட்டமான இடத்துக்குப் போய்விடுங்கள், தரையோடு ஒட்டிய வீட்டில் இவங்க இன்னொரு மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். ஊரின் மறுகோடியில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில், நாலாவது மாடியில் ஒரு வீட்டைப் பார்த்துப் பேசி முடித்தாயிற்று. வசந்தத்துக்குள் இது விற்றால்தான் அது கைக்கு வரும். விற்காவிட்டால், இந்த வீடு, இந்த இழுப்பு, அடுத்த மழை. பெயிண்டருக்கு அந்தக் கணக்கு தூக்கத்திலும் மறக்கவில்லை.

ஆகவே பல் டாக்டர் வீட்டு ஓதம் வந்ததும் அவர் பதறாமல் சுரண்டுகத்தியை எடுத்தார். சுரண்டி முடிக்கும்போது கூட்டுறவு வங்கி மேலாளர் வீட்டு ஓதம் வாசலில் நின்றது. அதற்குப் பட்டி குழைக்கும்போது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவரின் மாடிப்படி ஓதம் வந்தது. சில நாட்களில் இரண்டு மூன்றாகச் சேர்ந்து வந்தன. எல்லாம் ஒழுங்காக, ஒன்றன்மேல் ஒன்று விழாமல், காலி இடம் பார்த்து ஏறிக்கொண்டன. புது வண்ணம் காய்வதற்குள் அப்பளம் போல் உப்பி உதிர்ந்தது. மனைவி கட்டிலில் சாய்ந்தபடி, "ஏங்க, இதெல்லாம் எங்கேருந்து வருது?" என்று கேட்டாள். "பக்கத்து வீட்டுத் தொட்டி கசியுது போல" என்றார் பெயிண்டர். பக்கத்து வீட்டில் தொட்டியே கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். முப்பது வருடம் மூடி மூடிப் பழகியதில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கூடத்துக்கு வந்து நின்ற அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

வீடு பார்க்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ஷூவை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போன ஒரு தம்பதி காலுறை நனைந்து வெளியே வந்தார்கள். இன்னொருவர் சுவரில் சாய்ந்து பேசிவிட்டுக் கிளம்பியபோது அவர் சட்டை முதுகில் ஓட்டுநர் பள்ளி மாடிப்படி அச்சு அசலாகப் பதிந்திருந்தது. புரோக்கர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, ஊருக்கே மூடி விட்டீங்க, உங்க வீட்டை மூடத் தெரியலையே" என்றார். அவர் கிண்டலாகத்தான் சொன்னார். பெயிண்டர் முகத்தில் ஈயாடவில்லை.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஓதத்தை அவரவர் வீட்டில் ஒப்படைத்துவிட வேண்டும். அதற்கு முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும். சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பல் டாக்டரிடம் போனார். சேர் நுனியில் கூனிக் குறுகி உட்கார்ந்து, பதினாறு வருடத்துக்கு முன் நீங்கள் வாங்கும்போதே அந்தச் சுவரில் ஓதம் இருந்தது, நான்தான் மூடினேன் என்றார். பல் டாக்டர் சத்தமாகச் சிரித்தார். "அது ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே போயிடுச்சே! சுவர் சும்மா கல்லு மாதிரி இருக்கு. நாலு மணிக்கு வீடு பார்க்க ஆள் வர்றாங்க, தயவுசெஞ்சு இதை வெளியே பேசாதீங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். வங்கி மேலாளர் கைகொடுத்து நன்றி சொன்னார். ஓட்டுநர் பள்ளிக்காரர், திருப்பிக் கொண்டுவந்து விட்டால் போலீஸுக்குப் போவேன் என்றார். இருபத்தாறு வாசல் ஏறி இறங்கினார் பெயிண்டர். திட்டுவார்கள், காறித் துப்புவார்கள் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனவருக்கு எல்லோரும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். அந்த வசந்தத்தில் ஊரில் வீடுகள் சுடச்சுட விற்றன.

இருபத்தேழாவது வாசலுக்கு மட்டும் அவர் போகவில்லை; அங்கிருந்து ஓதம் இன்னும் வரவில்லை, வரும் என்று மட்டும் அவருக்குத் தெரியும். அது தையற்காரம்மாவின் வீடு. மற்ற இருபத்தாறு பேரும் வாங்கும்போது பெயிண்டரிடம் எதுவும் கேட்டதில்லை. விற்றவரும் புரோக்கரும் பேசிக்கொள்வார்கள், அவர் ஏணிமேல் நின்று வேலையைப் பார்ப்பார். தையற்காரம்மா ஒருத்திதான், ஒன்பது வசந்தங்களுக்கு முன் புருஷனோடு வீடு பார்க்க வந்தவள், நேராக ஏணிக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்து, "அண்ணே, இவருக்கு மூச்சுத் தொந்தரவு. சுவத்துல ஈரம் கீரம் எதுவும் இல்லையே?" என்று கேட்டாள். கையில் ஈரத் தூரிகையோடு, கொஞ்சமும் வாய் கூசாமல், "காஞ்ச கட்டை மாதிரி இருக்கும்மா" என்று அவர் சொன்னார். நாலாவது மழைக்காலத்தில் அவள் புருஷன் போய்ச் சேர்ந்தார். சுவரால்தான் என்று எந்த டாக்டரும் எழுதவில்லை. அவளும் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதன்பிறகு பெயிண்டர் அந்தத் தெருவழியாகப் போவதை விட்டுவிட்டார். கடைக்குப் போக வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு போனார்.

பத்தொன்பதாம் நாள் அந்த ஓதம் வந்தது. கூடத்தில் நிற்கவில்லை. வந்த வேகத்தில் படுக்கையறைக்குப் போய், மனைவி தலைவைத்துப் படுக்கும் சுவரில் ஆள் உயரம் ஏறிக்கொண்டது. அதன் விளிம்பும் ஜன்னலுக்குக் கீழே அது மடங்குகிற விதமும் பெயிண்டருக்கு மனப்பாடம். ஆனால் நடுவில், கட்டில் உயரத்துக்குச் சற்று மேலே, தட்டு அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் காய்ந்து கிடந்தது. அவர் மூடியபோது அது இல்லை. எப்படி வந்தது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அன்று மனைவிக்கு இழுப்பு முற்றியது. கட்டிலைக் கூடத்துக்கும் நடைக்கும் மாற்றி மாற்றிப் போட்டார். எங்கே போட்டாலும் யாரோ ஒருவருடைய சுவர்தான் பக்கத்தில் இருந்தது.

அதற்கு மூன்றாம் நாள் புரோக்கர் கூட்டிவந்தது தையற்காரம்மாவை. அவள் வீட்டுச் சுவர் திடீரென்று காய்ந்துபோனதில் அது இரண்டே நாளில் விலைபோயிருந்தது. முன்னறை தெருவைப் பார்த்திருக்கிற வீடாக, தையல் மெஷின் போடத் தோதாக ஒன்று தேடிக்கொண்டிருந்தாள். பெயிண்டர் திருதிருவென்று விழித்துக்கொண்டு பின்னாலேயே போனார். அவள் முன்னறையைப் பார்த்தாள், சமையலறையைப் பார்த்தாள், படுக்கையறை வாசலில் நின்றாள். பிறகு உள்ளே போய் அந்தக் காய்ந்த வட்டத்தின்மேல் கையை வைத்தாள். புரோக்கர் அவசரமாக, "இது ஒண்ணுமில்லைம்மா, லேசான ஈரம், ஒரு கோட்டு அடிச்சா..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் தையற்காரம்மா. பெயிண்டரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க" என்றாள்.

பின்னால் மனைவி கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் இதைச் சொல்வதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது பெயிண்டருக்கு. "இது உங்க வீட்டு ஓதம்மா" என்றார். "அன்னிக்கே தெரியும். நீங்க கேட்டப்போ என் கையிலயே ஈரம் இருந்துச்சு. தெரிஞ்சேதான் சொன்னேன்."

தையற்காரம்மா கையை எடுக்கவில்லை. "படுத்தா மூச்சு முட்டும்னு அவரு ராத்திரியெல்லாம் இப்படிச் சுவத்துல சாய்ஞ்சு உக்காந்தே இருப்பாரு" என்றாள். "நாலு வருஷம் தலை எண்ணெய் ஊறின இடம். அதான் இங்க மட்டும் ஈரம் ஒட்டலை." அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அளவு சொல்கிற மாதிரிதான் சொன்னாள். பெயிண்டர் தரையைப் பார்த்தபடி நின்றார். இருபத்தாறு வீட்டில் கிடைக்காத தண்டனை அங்கே கிடைத்துவிட்டது; நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. கட்டிலில் மனைவியின் மூச்சுச் சத்தம் மட்டும் அறை முழுக்கக் கேட்டது. தையற்காரம்மா அந்தச் சத்தத்தைத் தலை சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். தெரிந்த சத்தம்தானே. பிறகு புரோக்கரிடம் ஒரு விலை சொல்லி, வாங்கிக்கொள்கிறேன் என்றாள். புரோக்கரே ஆடிப்போய், யோசித்துச் சொல்லுங்களேன் என்றார். "இங்க எங்கெங்க ஈரம் இருக்குன்னு கண்ணுக்குத் தெரியுதுல்ல. தெரியாத வீட்டுக்கு இது தேவலை. சீக்கிரம் பத்திரத்தை முடிங்க, இவரு இந்த அம்மாவை மாடிக்குக் கூட்டிட்டுப் போகட்டும்" என்றாள். அந்த வசந்தத்தில் ஊரிலேயே மிக வேகமாகப் பேசி முடிந்த வீடு அதுதான்.

சாவியைக் கொடுத்துவிட்டு பெயிண்டர் தெருவில் இறங்கியதும், இருபத்தேழு ஓதமும் சுவர்களை விட்டு இறங்கி அவர் பின்னால் வந்தன. காய்ந்த தெருவில் அவருடைய ஈரக் காலடிகளைப் பார்த்த யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தையற்காரம்மாவின் புது வீடு அன்று மாலைக்குள் காய்ந்துவிட்டது. படுக்கையறைச் சுவரில் தலை அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் எண்ணெய்க் கறையாக நின்றது. அதன்மேல் வண்ணம் அடிக்க வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

நாலாவது மாடி வீட்டில் முதல் நாள் பெயிண்டர் உட்கார்ந்து எழுந்த நாற்காலி நனைந்திருந்தது. மூன்றாம் நாள் அவர் தலைமாட்டுச் சுவரில் பல் டாக்டர் வீட்டு ஓதத்தின் குடை விரிந்தது. ஐந்தாம் நாள் மனைவியின் நெஞ்சில் கதவுச் சத்தம் திரும்பக் கேட்டதும், அவர் யாரும் சொல்லாமலே பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கினார். குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் போய் எதையும் பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னார். சங்கம் கூடிப் பேசி, வண்டிகள் நிறுத்துமிடத்தில் கடைசித் தூணை அவருக்கும் ஓதத்துக்கும் ஒதுக்கியது. ஒரு மாதத்தில் அந்தத் தூணில் பாசி பிடித்தது. குழந்தைகள் அதில் விரலால் படம் வரைந்தார்கள்; மழை நாளில் மற்ற தூண்களும் நனைவதால் வித்தியாசமும் தெரிவதில்லை.

அந்த மழைக்காலத்தை மனைவி தாண்டினாள். அதற்கடுத்ததையும் தாண்டினாள். தினமும் சாயங்காலம் அவள் நாலு மாடி இறங்கிவந்து அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருகிறாள். தண்ணீர் வரும் நேரம், மூன்றாம் மாடிச் சண்டை, மகள் போனில் சொன்னது என்று பேச்சு ஓடும். அரை மணி நேரம் ஆனால் அவளுக்கு இருமல் வரும், அதற்குள் அவர் அவளை மேலே அனுப்பிவிட வேண்டும். கொஞ்ச நாளாக அவள் இருமுவதில்லை. பேச்சை நடுவில் நிறுத்தி எச்சில் விழுங்குகிறாள், தேவையில்லாத இடத்தில் சிரிக்கிறாள், தெருவில் யாரோ போவது போல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இன்னும் பத்து நிமிஷம் இருக்கலாம், ஒண்ணும் செய்யலை என்கிறாள். எதையாவது மூடினால் எப்படி இருக்கும் என்று பெயிண்டருக்குத் தெரியாதா. நேரமாயிடுச்சு என்று சொல்லி அவரே முதலில் எழுந்து, படிக்கட்டுவரைக்கும் நாலடி தள்ளியே நடந்து, அவளை மேலே அனுப்பிவிடுகிறார்.