பிரசிடென்ட் கையிலிருந்த இஞ்சித் தேத்தண்ணி

1

இந்தக் கதையை நான் உண்டாக்கவில்லை, வழியில் பொறுக்கினேன். கலேவெலயிலிருந்து மாத்தளைக்கு வந்த பஸ் நாலந்தாவில் கோளாறாகி நின்றபோது, பக்கத்துச் சீட்டில் இருந்த பெண் பொழுதுபோகச் சொன்னது. பஸ் மறுபடி கிளம்பியதும் கதையும் வேகம் பிடித்தது. "அப்ப அவரு கோப்பையத் தூக்கினாரு" என்றவர் ஜன்னலைப் பார்த்து, "அல்லாவே, எறங்குற எடம் வந்துட்டு" என்று பையோடு இறங்கிப் போய்விட்டார். ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

கதையில் வருகிற பெண்ணின் பெயரும் கேட்கவில்லை. றஸ்மியா என்று வைத்துக்கொள்வோம்.

2

முதல் ஆரம்பம்: 'ரிவர்ஸ்டன் மலையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு...' வேண்டாம். இதில் வரப்போகிற மரவள்ளிக்கும் மூடுபனிக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது: 'அது எழுபத்து மூன்றாம் ஆண்டு. அரிசிக்குத் தட்டுப்பாடு. பாணுக்கு விடியுமுன்னே பேக்கரி வாசலில் வரிசை...' அந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனாலும் இருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது: 'சுந்தரலிங்கம் குடையால் அளந்தார்.' இதுதான் சரி.

சுந்தரலிங்கம் குடையால் அளந்தார். ரத்தோட்டை வீதியோரம் நகரசபை கட்டிக்கொடுத்த ஒரு வரிசை வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் பத்துப் பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு வாசல். வாசலில் குரோட்டன் வேலி. வேலி அவருடைய குடைப்பிடிக்கு மேலே வளரக் கூடாது, கீழேயும் நிற்கக் கூடாது. எஸ்டேட்டில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பாளர் சங்கத்தின் முதல் கூட்டத்தில், யார் பிரசிடென்ட் என்று கேட்பதற்குள்ளேயே அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து எழும்பவில்லை.

ஏன் யாரும் எதிர்க்கவில்லை என்று கேட்பீர்கள். முஸ்லிம்களின் மையத்து வீட்டுக்கும் மற்றவர்களின் சாவு வீட்டுக்கும் வேண்டிய கதிரை, பந்தல் போடும் படங்கு, பெட்ரோமாக்ஸ், அண்டா எல்லாம் சங்கத்துச் சொத்து. சாவி அவர் இடுப்பில். சங்கம் இல்லாமல் அந்த வரிசையில் வாழ்ந்துவிடலாம், சாவது கஷ்டம்.

[இந்த இலக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நான் இலக்கம் போடாமல்தான் எழுதத் தொடங்கினேன். சுந்தரலிங்கம் உள்ளே வந்தார், பந்திகள் தானாக வரிசையில் நின்றுவிட்டன.]

3

றஸ்மியா தன் வாசல் குரோட்டனைப் பிடுங்கி எறிந்துவிட்டு மரவள்ளி நட்டாள். புருஷன் நுஹ்மான் கலேவெல சந்தையில் மரக்கறி வாங்கி மாத்தளையில் விற்கிறவன். அந்த வருஷம் வாங்கவும் ஆளில்லை, விற்கவும் சாமானில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள். அந்தக் கிழங்குதான் அவர்களுக்கு ராச்சாப்பாடு. கதையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

முதல் கிழங்கைக் கிண்டித் தின்னத் தொடங்கிய நேரத்தில் குடை வந்தது.

"இது என்ன, எஸ்டேட் கூலி லயமா?" என்றார் சுந்தரலிங்கம். "வாசல்ல கெழங்கு நடுறதெல்லாம் லயத்துப் பழக்கம். வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள பிடுங்கிடணும். இல்லேன்னா சங்கத்துல இருந்து உங்க வீட்ட நீக்கிடுவேன்."

"ஐயா, அப்ப புள்ளைகளுக்கு எனத்த குடுக்கிற? குரோட்டன் எலைய அவிச்சா குடுக்கிற?"

"அது சங்கத்தோட பொறுப்பில்ல."

நுஹ்மான் கதவுக்குப் பின்னால் நின்று இருமினான். அவனுடைய எதிர்ப்பு எப்போதும் இருமலாகத்தான் வரும்.

"பிடுங்கிருவமே றஸ்மியா," என்றான், குடை போனபிறகு. "எங்கட வாப்பாட வயசும் போகுது. கதிரை வேணுமே."

"உங்கட வாப்பா மௌத்தாகிற வரைக்கும் புள்ளைகள் பட்டினி கெடக்கட்டுமா?" என்றாள். அன்றிரவு அவனுக்குத் தேத்தண்ணி மட்டும்தான்.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். சுந்தரலிங்கத்தை முழு வில்லனாக்கிவிட்டால் எழுதுவது சுகம். முறுக்கிய மீசை, உருட்டும் விழி, முடிவில் ஒரு... இல்லை. பஸ்ஸில் வந்தவர் சொன்ன ஒரு விஷயம் இதைக் கெடுக்கிறது.

சுந்தரலிங்கத்துக்குச் சுந்தரம்மா என்று ஓர் அக்கா. தாய் தகப்பன் போனபின் கொழுந்து பறித்துத் தம்பியைப் படிக்கவைத்தவர். அவர்கள் பிறந்தது லயத்தில். தின்று வளர்ந்தது மரவள்ளி. கிளாக்கரான நாளிலிருந்து சுந்தரலிங்கம் அதைக் கையால் தொடவில்லை, வீட்டில் அவிக்கவும் விடவில்லை. தம்பி குடையோடு ரவுண்ட் போகிற நேரம் பார்த்து, சுந்தரம்மா பக்கத்து வீட்டு றஸ்மியாவின் குசினிக்கு வருவார். சுடச்சுட இரண்டு துண்டு கிழங்கு, கொஞ்சம் சம்பல். "தம்பிகிட்ட சொல்லிறாத புள்ள" என்று வாயைத் துடைத்துக்கொண்டு போவார்.

றஸ்மியாவுக்கு அவரைப் பிடிக்கும். எனக்கும்தான்.

5

வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள் சுந்தரம்மா இறந்துபோனார்.

(அவரைக் காப்பாற்ற இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன். பஸ்ஸில் வந்தவர் அந்த இடத்தில் கண்ணைத் துடைத்தார். நான் மாற்றினால் அவருக்குத் துரோகம்.)

மறுநாள் தகனம். எஸ்டேட்டிலிருந்து லொறி நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, பக்கத்து வீடு சாப்பாடு கொடுக்க வேண்டும், எதிர்வீடு தேத்தண்ணி கொடுக்க வேண்டும் என்பது சுந்தரலிங்கமே போட்ட சங்கச் சட்டம். பக்கத்து வீடு றஸ்மியாவுடையது. அரிசி இல்லை, மா இல்லை, கடையில் பாண் இல்லை.

அவள் மண்வெட்டியை எடுத்தாள். பாதித் தோட்டத்தைக் கிண்டினாள். சங்கத்து அண்டா இரண்டில், மச்சம், இறைச்சி படாததென்று சிவப்புக் கோடு போட்ட அண்டாவைக் கேட்டு வாங்கி அவித்தாள். மாசிக் கருவாடு போடாமல் சம்பல் அரைத்தாள். அந்தச் சிவப்புக் கோடும் சுந்தரலிங்கத்தின் யோசனைதான். மனிதர் எல்லாவற்றிலும் பிழையில்லை.

சுந்தரலிங்கம் அண்டாவுக்குள் பார்த்தார். "வந்தவங்க சாப்பிடட்டும்," என்றார் எல்லோருக்கும் கேட்க. "நான் இதத் தொடமாட்டேன்."

சுடலையிலிருந்து திரும்பிக் குளித்த சனம் சாவு வீட்டு வளவில் உட்கார்ந்து சாப்பிட்டது. மிச்சத்தை அள்ள றஸ்மியா பின்பக்கம் போனாள். அண்டாவுக்குப் பக்கத்தில் ஈரத் தலையோடு குந்தியிருந்தார் பிரசிடென்ட். கை நிறையக் கிழங்கு. அழுதுகொண்டே தின்றுகொண்டிருந்தார்.

அவளைக் கண்டதும் கையை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. "அக்கா எனக்குத்தான் பெரிய துண்டு வைக்கும்," என்றார்.

றஸ்மியா சம்பலை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

6

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பியிருப்பேன். ஆனால் எதிர்வீட்டுப் பாப்பம்மா தேத்தண்ணியோடு வந்தார்.

சங்கச் சட்டப்படி அது இஞ்சித் தேத்தண்ணி. முதல் கோப்பையைப் பிரசிடென்ட் குடித்து, சரி என்ற பிறகுதான் மற்றவர்கள் வாயில் வைக்கலாம். மரவள்ளி தின்ற வயிற்றில் இஞ்சி போனால் ஆள் முடிந்தது என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள்.* பக்கத்து வீட்டுச் சாப்பாடும் எதிர்வீட்டு இஞ்சியும் சண்டை பிடிக்குமென்று சட்டம் போட்டவர் யோசிக்கவில்லை. அவர் சட்டப்படி அந்த வரிசையில்தான் மரவள்ளியே கிடையாதே.

றஸ்மியாவுக்கு மணம் அடித்தது. "ஒருத்தரும் குடிக்காதீங்க, இஞ்சி போட்டீக்கி," என்று கத்தினாள்.

கோப்பைகள் எல்லாம் தரைக்குப் போயின. பாப்பம்மாவின் முகம் சுண்டிப்போனது. ஊத்தின தேத்தண்ணியைக் கொட்டுவதா என்று சுற்றிப் பார்த்தவருக்கு, தலைவாரி வேட்டி மாற்றி வந்து நின்ற சுந்தரலிங்கத்தைக் கண்டதும் உயிர் வந்தது.

"நம்ம பிரசிடென்ட் ஐயாதான் கெழங்க தொடவே இல்லியே. ஐயா, நீங்களாவது குடிச்சுப் பாத்து சொல்லுங்க."

அப்போது அவர் கோப்பையைத் தூக்கினார்.

* மெய்யா பொய்யா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் இன்றுவரை சோதித்துப் பார்த்ததில்லை, பார்க்கவும் மாட்டேன்.

7

பஸ் இங்கே நின்றது. நான் போட்டுப் பார்த்த முடிவுகள்:

அ) குடிக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பயத்திலேயே மயங்கி விழுகிறார், அவரைச் சாய்த்து விசிறிவிட சங்கத்துக் கதிரை வருகிறது... சிரிப்பு வரும். சுந்தரம்மாவின் தம்பியை இன்று விழவைக்க எனக்கு மனமில்லை.

ஆ) 'நானும் சாப்பிட்டேன்' என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறார். ஒருவரும் நம்பமாட்டார்கள். நீங்களும் நம்பவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

இ) றஸ்மியா ஓடிப்போய், "ஐயா, அது ஆறிட்டு, வேற தாறேன்" என்று கோப்பையை வாங்கிவிடுகிறாள். இதை எழுதி முடித்து இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். பிறகுதான் உறைத்தது. நாளைக்குக் காலையில் குடை வந்து மிச்சப் பாதியையும் பிடுங்கச் சொன்னால்? பிள்ளைகளுடைய ராச்சாப்பாட்டைக் கொடுத்து என் கதாநாயகியை நல்லவளாக்க நான் யார்?

ஈ) அவள் கோப்பையைப் பார்க்கிறாள். பிறகு தன் வாசலில் நிற்கிற மரவள்ளியைப் பார்க்கிறாள். பிறகு அவரை. சுந்தரலிங்கம் கணக்குத் தெரிந்த கிளாக்கர்...

இதிலும் ஒரு சங்கடம். அக்காவைப் பறிகொடுத்த அன்றைக்கா பேரம் பேசுவது?

நான் கைவிட்டுவிட்டேன். சனமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறது. பாப்பம்மா முந்தானையைப் பிசைகிறார். நுஹ்மான் இருமுகிறான். சுந்தரலிங்கத்தின் கோப்பை வாய்க்குப் பாதி வழியில் நிற்கிறது. இதுவரை யாரிடமும் எதையும் கேட்டறியாத அந்த மனிதர், றஸ்மியாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

நீங்களும் அந்த வரிசையில் ஒரு வீடுதான். இவ்வளவு நேரம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள். இந்தாருங்கள், கோப்பை. சூடாக இருக்கிறது, அதன் காதைப் பிடித்து வாங்குங்கள்.