நடுத்தண்ணீர்

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கான தப்பு அடிக்கும் முன்பே இராக்கம்மா பனியில் குடம் சுமந்துகொண்டிருந்தாள். கூலி வீட்டு வரிசைகளான மூன்று லயங்களுக்கும் ஒற்றைக் குழாய். பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர், பாதிக் கூலிதான். விறைத்த இந்த விரல்களோடுதான் இனி மலையேறித் தேயிலைக் கொழுந்து பறிக்க வேண்டும்.

இன்று குழாயடியில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையும் கங்காணியும் நின்றார்கள். கூடவே பதுளையிலிருந்து வந்த பைப்புக்கார ஜுனைதீன். மேலே ஊற்றுத்தொட்டியில் குழாய் வாயருகே சிவப்புச் சாயத்தைக் கொட்டியதும் ஒருவன் துணியை அசைத்தான். துரை கடிகாரத்தைத் திறந்தார். விழுகிற தண்ணீரின் நடுவே நூலாகச் சிவப்பு தெரிந்ததுமே மூடிவிட்டார். குழாயின் நீளத்தை அந்த நேரத்தால் வகுத்து, குழாய் வாயின் பரப்பால் பெருக்கி, வரும் தண்ணீரைக் கணக்குப் போட்டார்.

“தண்ணி நெறைய வருது. நீங்க வீணாக்குது. பாதி பேக்டரிக்கு.”

லயத்துக்கு இனி விடியலில் மட்டும்தானாம். மற்ற நேரத்துக்குக் கீழோடை. அந்த ஓடைத் தண்ணீர் குடித்துத்தான் இராக்கம்மாவின் மூத்தவள் வயிற்றோட்டத்தில் செத்தாள். இளையது இப்போது தாயின் முதுகுத்துணியில் தூங்கிக்கொண்டிருந்தது.

வால்வை முறுக்கும்படி துரை ஜுனைதீனிடம் சொன்னார். இராக்கம்மா குழாயை விட்டு நகரவில்லை. சிவப்பு நூல் கயிறாகத் தடித்து, தண்ணீர் மெல்லச் சிவந்துகொண்டிருந்தது.

“இப்பத்தான் முழுசாச் செவக்குது தொரைகளே. நடுத்தண்ணி முந்திக்கிட்டு வந்துருச்சு. ஓரத்துத் தண்ணி பைப்ப ஒரசிக்கிட்டு மெதுவா வருது.”

“பெரட்டுக்கு நேரமாச்சு. இங்க என்னடி பேச்சு?” என்றார் கங்காணி.

“அதத்தான் கேக்குறேன் கங்காணி ஐயா. பெரட்டுல கடைசியா வர்றவளப் பாத்து அரைப்பேரு போடுறீங்க. தண்ணிக்கு மட்டும் முதல்ல ஓடியாந்தத வச்சுக் கணக்கா?”

பின்னால் குடத்தோடு நின்ற பெண்களில் யாரோ ஒருத்தி சிரித்தாள்.

“வேலைக்குப் போகலே, பதுளை மறியல்,” என்றார் துரை.

சிரிப்பு நின்றது. வேலைக்கு மறுத்தவர்களைச் சட்டமே மறியல் எனும் சிறையில் தள்ளிய காலம்.

துரை மறுபடி வால்வைக் காட்டினார். அடுத்த தோட்டத்து வேலையும் இவர் ஒரு வார்த்தை சொன்னால்தான் ஜுனைதீனுக்குக் கிடைக்கும். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

“கொடம் நெறையுற நேரத்தப் பாத்துக் கணக்குப் போடுங்க தொர. அதுவரைக்கும் நான் பூட்ட மாட்டேன்.”

இராக்கம்மா தன் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள். அதன் பின்னால் இன்னொரு குடம் வந்தது. கூடைகளை இறக்கிவிட்டுப் பெண்கள் லயத்துக்குப் போய்ப் பானையும் வாளியுமாகத் திரும்பினார்கள். வரிசை லய வாசல்வரை நீண்டது.

முதல் குடம் நிறைந்தது. இராக்கம்மா அதை நகர்த்தி அடுத்ததற்கு இடம் விட்டாள். துரை இன்னும் கடிகாரத்தைத் திறக்கவில்லை. மேலே பெரட்டுத் தப்பு அதிர்ந்தது. ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.