நாற்பத்தேழு ஞாயிறுகளும் ஒரு கீபோர்டும்

1

போதகர் கேட்டது அரைப் பக்கம். சபைப் பத்திரிகையில், புதுக் கீபோர்டின் படத்துக்குக் கீழே, ‘அதை எப்படித் தேர்ந்தெடுத்தோம்’ என்று நாலு வரி. ஆராதனைக் குழுவுக்கு ஒலி பார்ப்பவன் நான் என்பதால் வேலையை என் தலையில் கட்டினார். நீங்கள் படிப்பது அந்த அரைப் பக்கம் இல்லை. அதை எழுத உட்கார்ந்து, எழுத வராமல், எழுதியது.

முதல் தொடக்கம்: ‘தேவகிருபையால் நம் சபைக்கு எண்பத்தெட்டுக் கட்டைகள் கொண்ட ஒரு...’ (அடித்துவிட்டேன். கிருபையை இதற்குள் இழுக்க மனசு வரவில்லை.)

இரண்டாவது: ‘ஒரு மேடைக் கீபோர்டுக்கு மூன்று தகுதிகள் வேண்டும்...’ (மூன்றையும் எழுதி முடித்தேன். படித்துப் பார்த்தால் அண்ணியே அதில் இல்லை.)

மூன்றாவது: ‘கடைக்காரர் அதைச் சொன்னபோது அண்ணியின் கைகள் கட்டைகள்மேல்தான் இருந்தன.’

இது இருக்கட்டும்.

2

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. பல் மருத்துவர். பன்னிரண்டு வருடமாக எங்கள் சபையில் கீபோர்டு வாசிப்பவர். வாரநாட்களில் லிஃப்ட் பழுது பார்க்கும் நான், ஞாயிறுகளில் மண்டபத்தின் பின்பக்கம் மிக்ஸருக்கு முன்னால் நிற்பேன். மேடையில் உண்டாகும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அதில் ஒரு ஃபேடர் உண்டு, விரலால் மேலும் கீழும் தள்ளுகிற சின்னக் குமிழ். மேலே தள்ளினால் மண்டபத்துக்குக் கேட்கும். கீழே இழுத்தால் கேட்காது. ஆனால் வாசிப்பவரின் காலடியில் அவருக்கென்று ஒரு தனி ஸ்பீக்கர் இருக்கும். அதற்கும் ஃபேடருக்கும் சம்பந்தமில்லை. அவருக்கு அவர் வாசிப்பது எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

(இந்தப் பத்தியை இங்கே வைக்கலாமா, பின்னால் வைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பின்னால் வைத்தால் உங்களுக்கு ஓர் அதிர்ச்சி கிடைக்கும். ஆனால் அந்த அதிர்ச்சி அவருடையது. அதை எடுத்து உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.)

3

பழைய கீபோர்டில் நாலு கட்டைகள் அழுத்தினால் எழும்பவில்லை. புதிது வாங்கலாம் என்று குழு முடிவெடுத்தது. அண்ணியும் நானும் கடைக்குப் போனோம்.

அண்ணி முதலில் எதையும் வாசிக்கவில்லை. கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு கட்டையையும் ஒற்றை விரலால் அழுத்தி, பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். ஆடுகிற பல்லைப் பார்க்கிற அதே முகம். அப்புறம்தான் கேள்விகள். பாட்டுக்கு நடுவில் பியானோவிலிருந்து வயலினுக்கு மாற்றினால் சத்தம் அறுபடுமா? இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று என்று பிரிக்கலாமா? மேடைப் படி ஏற்ற எத்தனை பேர் வேண்டும்? கடைக்காரர் பொறுமையாகப் பதில் சொன்னார். நாங்கள் எந்தச் சபை என்று நடுவில் கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

கனமான கட்டைகள் உள்ள ஒன்றில் அண்ணி ஸ்தோத்திரப் பாட்டு ஒன்றை வாசிக்கத் தொடங்கினார். கடையில் பொருள் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பி நின்றார்கள். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்:

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நானும் உங்க சபைக்குத்தான் வர்றேன், ஏழெட்டு மாசமா. கடைசி வரிசை. அங்க கீபோர்டு இருக்குன்னே எனக்குத் தெரியாது. நீங்க ஓரமா நிக்கறத பாத்திருக்கேன். பாட்டு வரிய திரையில மாத்தறவங்கன்னு நெனச்சேன்.”

அண்ணி சிரித்தார். கடைக்காரர் நகைச்சுவையாகச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார். சிரித்தபடியே என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார்.

சிரிப்பு நின்றது. கைகள் அப்படியே இருந்ததால் கடைசியாக அழுத்திய சுரங்கள் மட்டும் தேய்ந்து தேய்ந்து அடங்கின.

4

இங்கே ஒரு பொய் எழுதிப் பார்த்தேன்: ‘போதகர்தான் குறைக்கச் சொன்னார்...’

இல்லை. யாரும் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு கீபோர்டின் வயரில் கரகரவென்று சத்தம் வந்தது. ஃபேடரை இறக்கினேன். ஆராதனை முடிந்ததும் யாராவது ‘கீபோர்டு ஏன் கேக்கல’ என்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் வயரை மாற்றிவிட்டேன், ஆனால் ஃபேடரை ஏற்ற மறந்துவிட்டேன். அன்று போதகர் என் தோளில் தட்டி, சத்தம் இப்போதுதான் தெளிவாக இருக்கிறது என்றார். மூன்றாம் வாரம் எனக்கு மறக்கவில்லை. ஏற்றவும் இல்லை.

கடை வாசலில் அண்ணி கேட்டார்.

“எத்தன வாரம்?”

“நாப்பத்தேழு.”

“அப்பாவ அடக்கம் பண்ணின வாரமுமா?”

அண்ணியின் அப்பா இறந்த அந்த வாரம் அவரை வரவேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். வந்து வாசித்தார். கன்னம் முழுக்க நனைந்திருக்க ஒரு சுரம்கூடத் தப்பவில்லை என்று முன்வரிசையில் இருந்த அண்ணன் என்னிடம் சொன்னான். எனக்குத் தெரியாது. மண்டபத்தில் எனக்கும்தான் அது கேட்கவில்லை.

“ஆமா அண்ணி.”

அவர் கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

“அந்தக் கனமான கட்டை உள்ளதையே சொல்லிடுங்க. நீங்க போய்ப் பேசுங்க.”

பதினைந்து வருடமாக என்னை ‘வாடா, போடா’ என்று கூப்பிட்டவர். அந்த ‘நீங்க’வைக் கேட்டுக்கொண்டு கடைக்குள் திரும்பிப் போனேன்.

5

(அண்ணி என்ற பாத்திரத்தின்மேல் எனக்கு இங்கே சந்தேகம் வந்தது. நிஜத்தில் ஒரு மனுஷி இவ்வளவு அமைதியாக இருப்பாரா? கத்த வைத்து ஒரு பக்கம் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. கிழித்துவிட்டேன். அவர் கத்தவில்லை, அதுதான் நடந்தது.)

கீபோர்டை ஜெபித்துப் பிரதிஷ்டை செய்யும் ஞாயிறன்று காலை அண்ணி மிக்ஸர் பக்கம் வந்தார்.

“முதல் பாட்டுக்கு ஏத்தாதீங்க. எனக்கு ஒண்ணு பாக்கணும்.”

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

புதுக் கீபோர்டை மேடை நடுவில் வைத்திருந்தார்கள். போதகர் ஜெபித்தார். முதல் பாட்டு. அண்ணி குனிந்து, தோள்கள் அசைய, முழு மனசோடு வாசித்தார். என் பக்கம் ஃபேடர் அடியில் கிடந்தது. கிட்டாரும் டிரம்ஸும் மட்டும் மண்டபத்தை நிறைத்தன.

பாட்டு முடிந்ததும் அவர் பக்கத்திலிருந்த மைக்கை எடுத்தார். பன்னிரண்டு வருடத்தில் மேடையில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

“புதுக் கீபோர்டு எல்லாருக்கும் நல்லா கேக்குதா?”

“கேக்குது” என்றது மண்டபம். கைதட்டினார்கள். முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். போதகர் கையை உயர்த்தி, “என்ன ஒரு இனிமை” என்றார். (முதல் இரண்டு வரிசைகளுக்கு அண்ணியின் காலடி ஸ்பீக்கர் கொஞ்சம் கசிந்திருக்கலாம். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில் இருபத்திரண்டு வரிசைகள்.)

நாற்பத்தேழு வாரமாக நான் தனியாகச் செய்துவந்த காரியம் என்று நினைத்திருந்தேன்.

அண்ணி மைக்கை வைத்தார். மண்டபத்தை ஒருமுறை வரிசை வரிசையாகப் பார்த்தார். பிறகு நேராக என்னைப் பார்த்தார். தலையை அசைத்தார்.

6

அது ‘ஏற்று’ என்ற அசைப்பா, ‘விட்டுவிடு’ என்ற அசைப்பா?

முடிவு ஒன்று: ஏற்றினேன், மண்டபம் திடுக்கிட்டுத் திரும்பி... (எனக்குச் சாதகமான முடிவு. வெட்கமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: அவர் கீபோர்டை அணைத்துவிட்டுப் படியிறங்கி, நடுவழியாக...

முடிவு மூன்று: இரண்டாம் பாட்டும் அப்படியே, மூன்றாம் பாட்டும்...

நடந்தது எது என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். நான் எழுதினால் என்னைக் கொஞ்சம் நல்லவனாக எழுதிவிடுவேன்.

டிரம்ஸ்காரர் குச்சியைத் தட்டி எண்ணத் தொடங்கிவிட்டார். என் விரல் ஃபேடர்மேல் இருக்கிறது. நீங்கள் இருபத்திரண்டில் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள்? உங்களுக்கு என்ன கேட்கிறது?